விழியன் கூட்டத்துப் பெண்கள்

நாமக்கல்லில் அப்புசாமி நடத்திய திருமணத் தகவல் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது எண்பத்தெட்டாம் வருஷம். அதுவரை அங்கே சௌந்திரம் வைத்ததுதான் சட்டம். பேர் எழுதிய அட்டைகள் அடுக்கிய பெட்டிகளைத் திறந்து, இந்தப் பையனுக்கு இந்தப் பெண் என்று எடுத்து நீட்டுவாள். ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை தேடிக் கொடுத்தவளுக்கு வயது இருபத்தொன்பது ஆகியும் கழுத்து வெறுமையாகவே இருந்தது.

கம்ப்யூட்டரோடு வசந்தாமணியும் வந்து சேர்ந்தாள். கோயமுத்தூரில் படித்தவள். கண்ணாடி அறைக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் நாலு தட்டுத் தட்டுவாள், அச்சு இயந்திரம் கரகரவென்று பட்டியலைத் துப்பும். அப்புசாமி வாயெல்லாம் பல்லாக நிற்பார். சௌந்திரத்துக்கு வயிறு எரியும். வந்தவர்கள் இப்போது அவளிடம் கேட்பதெல்லாம், “கம்ப்யூட்டர்ப் புள்ள இருக்குதுங்களா?” என்பதுதான்.

அந்தப் பெண்ணிடம் கர்வம் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். அதுவும் இல்லை. அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டு தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். மாப்பிள்ளைகள் ஒரு கோப்பு, பெண்கள் ஒரு கோப்பு. இரண்டையும் கூட்டம் என்ற குலப்பிரிவுக் கட்டத்தில் ஒப்பிட்டால், ஒரே கூட்டத்துப் பெண்களை இயந்திரமே தள்ளிவிடும். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறையாயிற்றே! சாயங்காலம் கிளம்புமுன் எல்லாவற்றையும் பிளாப்பியில் ஒரு நகல் எடுத்து பீரோவில் வைத்துவிட வேண்டும். எதையாவது திருத்துவதானால், அதே நிபந்தனையைப் போட்டு எந்தெந்தப் பேர் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“நிபந்தனைதானுங்க்கா கட்டளைக்கு வாலு. வாலை உட்டுப்போட்டு மாத்துன்னு சொன்னா, இருக்கற அத்தனை பேரையும் மாத்திப்போடும். அப்பறம் அழுதாலும் திரும்பி வராது” என்று அவள் சொல்லியிருந்தாள். சௌந்திரம் தலையை ஆட்டினாள். பிடிக்காதவள் சொல்லும் புத்தி எந்தக் காதில் ஏறியிருக்கிறது?

அந்த வாரம் புதுச்சத்திரத்திலிருந்து சின்னண்ணன் என்ற பையன், பேரைப் பதிய அப்பாவோடு வந்தான். விழியன் கூட்டம், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி சொந்தமாக வைத்திருந்தான். சௌந்திரம் வெண்ணந்தூர்க்காரி என்று தெரிந்ததும், “உங்கூர்ல போர் போட்டப்பத்தானுங்க மொதமொதல்ல எனக்குப் பாறைன்னா என்னன்னு புரிஞ்சுது” என்று சிரித்தான். அவ்வளவுதான் பேச்சு. அதற்கே அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவன் குடும்பத்தோடு பெண்கள் பட்டியல் வாங்க வருவதாகச் சொன்ன அன்று காலை, யாரும் வருமுன் சௌந்திரம் கண்ணாடி அறைக்குள் போனாள். இத்தனை வருஷமும் வெட்கப்பட்டு எழுதாத தன் பேரைப் பெண்கள் கோப்பில் ஏற்றினாள். மணியன் கூட்டம். வயதில் மட்டும் இரண்டைக் குறைத்துக்கொண்டாள். இயந்திரமா வந்து கேட்கப்போகிறது?

மதியம் வசந்தாமணி சாப்பிடப் போனதும், சின்னண்ணனுக்குப் பொருத்தம் போட்டுப் பார்த்தாள். மூன்றாவதாக அவள் பேர் வந்தது. ஆனால் முதல் பேர் வசந்தாமணி, செல்லன் கூட்டம். சௌந்திரத்துக்குக் கண் இருட்டியது. என் நாற்காலியைப் பிடுங்கினாய், என் பேரைக் கெடுத்தாய், இவனையுமா?

பேரையே அழித்தால் மாட்டிக்கொள்வோம். கூட்டத்தை மட்டும் விழியன் என்று மாற்றிவிட்டால்? இயந்திரமே அவளைத் தங்கை என்று தள்ளிவிடும். கட்டளையைத் தட்டினாள். ஆத்திரக்காரிக்கு எங்கே வால் ஞாபகம் இருக்கும்? வசந்தாமணியின் பேரைப் போடாமலே பொத்தானை அமுக்கிவிட்டாள். ஆயிரத்துச் சொச்சம் வரிகள் மாறின என்று திரையில் எழுத்து வந்து நின்றது. அது என்ன கணக்கு என்று அவளுக்கு விளங்குமுன் வாசலில் கார் வந்துவிட்டது.

அப்பா, அம்மா, பையன் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். வசந்தாமணி பொருத்தம் போட்டாள். ஒரு பேரும் வரவில்லை. மறுபடி போட்டாள், வரவில்லை. பெண்கள் கோப்பைத் திறந்தால், மேலிருந்து கீழ்வரை விழியன், விழியன், விழியன்.

“ஏனுங்க, இந்தச் சீமையில இருக்கற புள்ளைங்க அத்தனையும் எம்பையனுக்குத் தங்கச்சிங்களா?” என்றார் பையனின் அப்பா. அப்புசாமிக்கு வேர்த்துக் கொட்டியது.

வசந்தாமணி யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஏதோ தவறிப்போச்சுங்க, நேற்றைய நகல் இருக்கிறது என்று பிளாப்பியை எடுத்துவந்தாள். போடுமுன் சௌந்திரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னைக்குக் காத்தால புதுசா பேரு ஏதாச்சும் ஏத்துனீங்களாக்கா? நகல்ல அது இருக்காது. சொல்லுங்க, மறுபடி சேத்திப்போடலாம்.”

சின்னண்ணனும் நிமிர்ந்து பார்த்தான். சொன்னால் என்ன பேர், யார் பேர், நீ எப்போது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாய் என்று நூல் பிடித்துக்கொண்டே வந்துவிடும்.

“ஒண்ணுமில்ல அம்மிணி” என்றாள்.

பழைய கோப்பு வந்தது. செல்லன் செல்லனானார்கள், தூரன் தூரனானார்கள். பொருத்தத்தில் முதலாவதாகத் தன் பேரைப் பார்த்த வசந்தாமணி சிரித்துவிட்டாள். அது அப்புசாமி சோதனைக்குப் போடச் சொன்ன பேராம். ஓமலூர் மாமன் மகனோடு அவளுக்கு நிச்சயமாகி ஆறு மாசமாகிறதாம். நிபந்தனை போட்டு, அந்த ஒரு வரிதான் வருகிறதா என்று பார்த்து, அழித்துவிட்டுப் பட்டியலை அச்சிட்டாள். எதிரிக்குச் சகுனத்தடை என்று மூக்கை அறுத்துக்கொண்டதுதான் மிச்சம். எதிரியோ அந்தப் பயணமே போகவில்லை.

சின்னண்ணனின் அம்மா காகிதத்தை வாங்கிச் சௌந்திரத்திடம் நீட்டினாள். “எனக்கு எழுத்துத் தெரியாது. நீயே படிச்சுச் சொல்லு சாமி.”

சௌந்திரம் படித்தாள். ஒவ்வொரு பேரையும், ஊரையும், கூட்டத்தையும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். கடைசிப் பேர் முடிந்ததும் அந்த அம்மா கேட்டாள்.

“அவ்வளவுதானா சாமி?”

“அவ்வளவுதானுங்க” என்றாள் சௌந்திரம்.