மூன்றாவது குடுவை

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் மூன்றாவது குடுவையில் ஒரு குறையும் இல்லை. வெறும் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் சேர்ப்பதற்கான ரசாயனம் அது. லேசாக ஆட்டினாலே பொங்கி நுரைக்கும். மூன்று நாள் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வைத்து, தண்ணீரில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்க வேண்டும். ஆற்று மீனுக்கு எந்த அளவு வரை ஆபத்தில்லை என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த ஓர் எண்ணைத்தான் நம்பி உட்கார்ந்திருப்பார்கள். அவள் இழுப்பறையைத் திறந்து, டேப் சுற்றிய பழைய டார்ச்சை எடுத்தாள்.

டார்ச் முன்பு இதே மேசையில் அவளோடு வேலை பார்த்தவனுடையது. ஆய்வகத்தில் அவனுக்குப் பேரே டார்ச்சு. எந்தக் குடுவையைக் கொடுத்தாலும் விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பான். தண்ணீருக்குள் பால் போல ஒரு கோடு தெரிந்தால் முழுதாகக் கரையவில்லை என்று அர்த்தம். "போலீஸ்காரன் வந்துட்டான், எல்லாரும் குடுவைய ஒளிச்சு வைங்க" என்று கிண்டலை ஆரம்பித்து வைத்தவளே அவள்தான். கோபமே வராது அவனுக்கு. அவளைவிட ஆறு வயது சின்னவன், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் இதே ரசாயனம், இதே மூன்றாவது குடுவை. மகளுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள் என்று பள்ளியிலிருந்து போன். ஒரு கையில் கைப்பை, மறு கையில் குடுவை. ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, 'தெளிவு' என்று பதிவேட்டில் எழுதினாள். டார்ச் அடித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் அவன்.

"அக்கா, டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சுடா. சீக்கிரம் போடு, புள்ள அங்க காத்துக்கிட்டு இருக்கு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டான். அக்கா சொன்னாள் என்று போட்டுவிட்டான். அவளுக்கோ அது பொய் என்றுகூட அப்போது உறைக்கவில்லை.

உண்மையில் கரைவது இவர்கள் கொடுத்த எண்ணில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று இரண்டு மாதம் கழித்து வேறோர் ஆய்வகம் கண்டுபிடித்தது. மேலாளர் பதிவேட்டை விரித்து, "சரிபாத்தது யாரு?" என்றார். அவன் அவளை ஒரே ஒரு தரம் பார்த்தான். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் சார். டார்ச் அடிக்காம விட்டுட்டேன்."

அந்த வாரமே அவன் வேலை போயிற்று. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் தள்ளிப்போட்டதில் மூன்று மாதம் ஓடிவிட்டது. அவன் வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம், பழைய இடத்தில் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்களாம். அவள் வாயைத் திறந்திருந்தால் அவன் இந்நேரம் இதே மேசையில் இருந்திருப்பான்.

விளக்கை அணைத்து, திரையை இழுத்துவிட்டு, டார்ச்சை அழுத்தினாள். குடுவைக்குள் வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது. பின்னால் மேலாளர் வந்து நின்றார்.

"அட, நல்லா கலங்கி இருக்கே! இதப் போய் ஒருத்தன் பாக்காம விட்டான் பாருங்க. நீங்களா இருந்தா விட்டிருப்பீங்களா?"

"சார்..."

"சொல்லுங்கம்மா."

"அன்னைக்கு..."

தொண்டை வரை வந்தது. மகளின் படிப்பு, வீட்டு வாடகை, பதினான்கு வருட நல்ல பெயர் எல்லாம் முண்டியடித்து வந்து வழியை மறித்துக்கொண்டன.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் சார்."

"பின்ன?" என்று சிரித்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சீ, என்ன பிறவி நான் என்று இருந்தது அவளுக்கு. டார்ச்சை அணைத்துத் திரையை விலக்கினாள். குடுவைத் தண்ணீரில் கோட்டின் சுவடே இல்லை. நடைக்கூடத்தில் அவருடைய காலடிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய கட்டைவிரல் டார்ச்சின் பொத்தான் மேலேயே இருந்தது.