குருநாதன் சாரின் முழங்கால்

என் ஆராய்ச்சி வழிகாட்டி குருநாதன் சாருக்கு முழங்கால் குளிரும். கொடைக்கானலில் யாருக்குத்தான் குளிராது? ஆனால் இவர் முழங்காலுக்காக அறிவியலே ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது.

என் வேலை இதுதான். கண்ணுக்குத் தெரியாத மூன்று மணிகள் ஒட்டிய கொத்துகளைத் தண்ணீரில் விட்டு, அவை அலைந்து பரவுவதை நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். ஒரு வகை விறைப்பானது. இன்னொன்று மூட்டுப் போல மடங்கும். எது வேகமாகப் பரவுகிறது என்பது கேள்வி. விறைப்பானதுதான் என்று சார் திட்ட அறிக்கையிலேயே எழுதிவிட்டார். சோதனைக்கு முன்பே விடை தெரிந்த மேதை.

மடங்கும் கொத்துகளை நான் காலை ஏழு மணிக்கே அளந்துவிடுவேன். விறைப்பானவற்றைத் தம் கண்முன்தான் அளக்க வேண்டும் என்பது சாரின் உத்தரவு, செல்லப்பிள்ளைகள் அல்லவா. பதினோரு மணிக்கு வந்து, ஹீட்டரைப் போட்டு, காலை நீட்டி உட்காருவார். ஆறு மாதமும் விறைப்பானவையே ஜெயித்தன. சார் பூரித்துப் போனார்.

ஒருநாள் அவர் ஒட்டன்சத்திரத்துக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அவர் இல்லாமலேயே விறைப்பானவற்றை அளந்தேன். தோற்றன. பதறிப்போய் மூன்று முறை அளந்தேன். அறையைப் பெருக்க வந்த கருப்பம்மாள் அக்கா வாசலிலேயே நின்று கைகளைத் தேய்த்தார்.

"என்னம்மா இப்படி வெறைக்குது? சார் வரலைன்னா இந்த ரூம்ல மனுசி நிக்க முடியாது போலருக்கே."

மூலையில் அணைந்து கிடந்த ஹீட்டரைத் திரும்பிப் பார்த்தேன். சாரின் ஹீட்டர் அடிப்பது நுண்ணோக்கியின் மேல்தான். தண்ணீர் சூடானால் எதுவும் வேகமாகப் பரவும். ஆறு மாதமாக நான் அளந்தது அவர் முழங்காலின் சுகத்தை. என் புத்தியும் எங்கேதான் போயிருந்ததோ! பூம்பாறையில் பூண்டு காயவைக்கும் என் அம்மாவுக்கே வெயிலும் நிழலும் ஒன்றல்ல என்று தெரியும்.

தினமும் சார் வருமுன், ஹீட்டர் போடாமல், தெர்மாமீட்டர் வைத்து, இரண்டையும் ஒரே சூட்டில் இரண்டு வாரம் அளந்தேன். பிறகு சாரிடம் போனேன்.

"சார், மடங்குறதுதான் நூத்துக்கு மூணு பங்கு வேகமாப் போகுதுங்க. முன்னாடி வந்ததெல்லாம் ஹீட்டர் பண்ண வேலைங்க."

"ராஜகுமாரி, எனக்கு இருபது வருஷ சர்வீஸ். ஒரு ரூம் ஹீட்டர் எனக்கு பிசிக்ஸ் சொல்லித் தருதோ? பழைய ரிசல்ட்டையே எழுதிக் கொண்டா. இல்லைன்னா தீசிஸ்ல சைன் கிடையாது."

கையெழுத்து இல்லையென்றால் ஐந்து வருட உழைப்பு குப்பை. பொய்யை எழுதினால் அது சாகும்வரை என் பெயரில் நிற்கும். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: சார் எதையுமே படிப்பதில்லையே!

உண்மையையே எழுதிக் கொடுத்தேன். அட்டையில் தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். "இப்பத்தான் வழிக்கு வந்திருக்க" என்று கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை படிப்பவர். எல்லோர் முன்னிலும் ஒரு வரியை வாசித்தார்: "'வழிகாட்டியின் ஹீட்டர் அணைந்திருந்தபோது எடுத்த அளவுகள் மட்டுமே இங்கே ஏற்கப்பட்டன.' ரொம்பக் கவனமான வேலை. யாரோட யோசனை இது?"

சார் அந்த வரியை எட்டிப் பார்த்தார். உடனே நிமிர்ந்தார்.

"என்னோடதுதான் மேடம். லேப்ல ஹீட்டரே போடக்கூடாதுன்னு நான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"அப்ப அந்தச் சோதனையை நேர்ல பார்த்துரலாமே" என்றார் அந்தப் பேராசிரியை.

வெளியே மழை. மூன்று மணி நேரம், ஹீட்டர் இல்லாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து சார் நடுங்கினார். நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கொத்தையும் இரண்டு முறை அளந்தேன்.