அறுக்காத கயிறு

ரெட்டியார்பாளையம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போதே செயலாளர் புருஷோத்தமனின் கழுத்தில் தாலிக்கயிறு முளைத்தது. ஜெயம் வீட்டு மாடியில் குடிவந்திருந்த திருநங்கை பூவிழியைக் காலி செய்ய வைப்பது பற்றித்தான் அன்றைய பேச்சு. பூவிழி புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றின் லேபில் ரத்தம் எடுப்பவள். காலையில் பஸ் ஏறுவாள், மாலையில் திரும்புவாள், யாருக்கும் தொந்தரவில்லை. "அதான் அவங்க தந்திரமே" என்றார் புருஷோத்தமன். "நாளைக்கி நம்ம புள்ளைங்க கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?" கைதட்டலுக்கு நடுவே காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி தனக்கொடி கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினாள். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அவர் அடுத்த வசவைப் போட்டதும் அது மறுபடி வளர்ந்தது.

எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியும். ஒன்பது வயதில் காமாலை தீர்ந்ததற்காக, ஊர் வழக்கப்படி, கூத்தாண்டவர் கோயிலில் அவனுக்கு வளையல் போட்டு, சாமி பேரில் தாலி கட்டினார்கள். மறுநாள் சாமி களப்பலியானதும் வேண்டுதல்காரர்கள் எல்லோரும் கயிற்றை அறுத்துவிட்டுப் போக, அவன் மட்டும் அறுக்க விடாமல் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். பங்காளிகள் கண்டுபிடித்து "என்னடி பொண்ணே" என்று சிரித்த சிரிப்பு தீபாவளி வரை ஓயவில்லை. கயிற்றை அறுக்காமலே கழற்றி ஏரியில் போட்டான். அதன்பின் அப்படியொரு சிரிப்பு எங்கே கிளம்பினாலும் முதலில் சிரிப்பவர் அவராகத்தான் இருந்தார்.

பூவிழியின் ஜன்னலில் கல் விழுந்தது. தண்ணீர் நின்றது. அவள் போனால் கயிறும் போய்விடும் என்று நம்பி, புருஷோத்தமனே மாடியேறினார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும்தான் டைம்."

வருடாவருடம் கூத்தாண்டவர் பேரில் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுப்பவள் பூவிழி. அவர் கழுத்தைப் பார்த்தாள். "போறேண்ணே. உங்களுக்கு முடிச்சு சரியா போடல, நழுவுது பாருங்க."

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் சொன்னா எவன் கேக்கப் போறான்?"

ஞாயிறன்று அவள் சாமான்கள் தவளக்குப்பத்துக்குப் போயின. சங்கம் இனிப்பு வழங்கியது. புருஷோத்தமன் கண்ணாடி முன் நின்று காத்திருந்தார். கயிறு விழவில்லை; அதில் பொட்டுத் தாலியும் சேர்ந்திருந்தது.

இப்போது சட்டைகளுக்குக் காலரை உயர்த்தித் தைத்துக்கொள்கிறார். கூட்டங்களில் இன்னமும் அவர் குரல்தான் பெரிது. வெள்ளிக்கிழமைகளில் தனக்கொடி தன் தாலிக்கு மஞ்சள் பூசிய கையோடு அவரையும் கூப்பிடுகிறாள். அவர் வந்து உட்கார்ந்து கழுத்தை நீட்டுகிறார்.