கலோயன் தலையாட்டினான்

கணவாய் உச்சியில் தேநீர் குடித்து முடிப்பதற்குள் என் சைக்கிளின் பிரேக் கம்பி உறைக்குள் இறங்கியிருந்த பனிநீர் உறைந்துவிட்டது. அது எனக்குத் தெரியாது. அண்ணன் கலோயன் முதலில் கிளம்பினான்.

"ஸ்மோல்யான் வரைக்கும் இறக்கம்தான், நெவெனா. கிழவி மாதிரி உருட்டிக்கிட்டு வராத."

"நீ விழுந்தா நான் நிக்க மாட்டேண்ணா. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடறேன்."

பனி தள்ளும் லாரி எப்போது வேண்டுமானாலும் கீழிருந்து வரலாம். வந்தால் சாலை முழுக்க அதனுடையது. அதனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் முன்னால் போய் நின்று பார்த்துச் சைகை காட்டுவான். காற்றில் கத்தினால் கேட்காது.

முதல் வளைவு தெரிந்ததும் பிரேக்கை அழுத்தினேன். கைப்பிடி கல்லாக இருந்தது. மற்றக் கைப்பிடியும் அப்படியே. காலை ஊன்றினேன்; வழுக்கியது. வழுக்காமலிருக்க டயரில் பதித்திருந்த ஆணிகள் பனிக்கட்டியில் கரகரத்தன. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் மலையை ஒட்டி ஒதுக்கிய பனிச்சுவர். அதில் விழுந்தால் எலும்பு முறியலாம். விழாமல் வளைவைத் தாண்டி அதற்கப்பால் உள்ள சமதளத்துக்குப் போய்விட்டால், லாரி வராதவரை, பிழைத்துக்கொள்ளலாம்.

வளைவில் கலோயன் கைகளைக் கக்கத்தில் சொருகி நின்றிருந்தான். கீழே பார்த்தான். என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

எங்கள் ஊரில் அப்படி ஆட்டினால் 'வேண்டாம்'. பக்கவாட்டில் ஆட்டினால்தான் 'சரி'. ஆனால் அவன் பல வருடங்களாக மியூனிக்கில் இருக்கிறான். அங்கே இது தலைகீழ். நேற்று அம்மா, "இன்னும் சூப் வேணுமா?" என்றபோது வேணும் என்று இப்படித்தான் ஆட்டினான். அம்மா பானையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பயம் வந்தால் பிறந்த ஊர்ப் பழக்கம்தான் வரும். ஆனால் பயந்தது நான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வா என்கிறானா? தெரியவில்லை. சைக்கிளை இடப்பக்கம் சாய்த்தேன்.

தோள் பனியில் புதைந்தது. வாயெல்லாம் பனி. கை அசைந்தது, கால் அசைந்தது. அவன் ஓடிவந்தான்.

"பைத்தியமாடி உனக்கு? வரலாம்னுதானே சொன்னேன்."

"எந்த ஊரு தலையால?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வளைவில் மஞ்சள் விளக்கு சுழன்றது. பனி சத்தத்தையெல்லாம் விழுங்கியிருந்தது. கலோயன் என்மேல் விழுந்து என்னைச் சுவரோடு அமுக்கினான். லாரியின் இரும்புத் தகடு சாலையை அடைத்துக்கொண்டு எங்களைக் கடந்தது. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கீழ ஒண்ணுமே இல்லையே," என்றான். "நல்லாப் பாத்தேனே."

சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவன் முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "வரலாம்," என்று வாயால் சொன்னான். ஒவ்வொரு முறையும் நான் பனிச்சுவரில் முதுகை உரசிக்கொண்டு போய் நானே எட்டிப் பார்த்தேன்.