பதினான்காம் எண் எந்த வீடு

பொக்லைன் ஓட்டுநர் கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார், சுவரிலிருந்த எண்ணை ஒருமுறை பார்த்தார். பிறகு வாசற்படியில் ஏறாமலே குரல் கொடுத்தார்.

"பதினாலு. இதுதான். சாமானையெல்லாம் வெளியே எடுத்துடுங்க. மத்தியானம் பலகைப் படகு வந்தா நான் இறக்கப் போகணும், அதுக்குள்ள இடிச்சாகணும்."

உள்ளே ஒருக்களித்துப் படுத்திருந்த அண்ணி எழுந்து உட்காரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுக்கு எட்டாம் மாதம்.

"எதை இடிக்கணும்? நேத்துத்தானே ஜன்னலுக்குத் திரை தெச்சு மாட்டினேன்."

"திரையைக் கழட்டிக்கங்கம்மா. வீட்டைத்தான் இடிக்கச் சொல்லியிருக்கு."

"ஏண்டி, இவர் என்ன சொல்றாரு? நீ கேளு!" என்று அண்ணி நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நாத்தனாரைத் தீவில் எல்லோரும் 'சாவி' என்றுதான் கூப்பிடுவார்கள். மேற்குக் கரையில் இருபத்திரண்டு விடுமுறை வீடுகள் இருந்தன. உரிமையாளர்கள் அக்கரையில் இருந்துகொண்டு வருஷத்துக்கு மூன்று வாரம் வந்து போவார்கள். மற்ற நாட்களில் வாடகைக்கு வருபவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதும், போனபின் விரிப்பை மாற்றித் தரையைத் துடைப்பதும் ஆறு வருஷமாக அவள் வேலை. இருபத்திரண்டு சாவியும் ஒரே வளையத்தில் அவள் இடுப்பில் தொங்கும். புயலுக்கு முந்தின நாள் எல்லோரையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனபோது, துணிமணியை மறந்தவள் அந்த வளையத்தை மறக்கவில்லை.

புயல் நான்கு வீடுகளைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. மிச்சம் பதினெட்டு. வேலைக்காரர்கள் குடியிருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. அதனால் அவை எழும்பும்வரை விடுமுறை வீடுகளிலேயே இருந்துகொள்ளலாம் என்று உரிமையாளர் சங்கத்தார் சொன்னார்கள். யாருக்கு எந்த வீடு என்று பிரித்துச் சாவி கொடுத்தது இவள்தான். பன்னிரண்டு நாளாகிறது. அண்ணன் மரப்பலகை ஏற்றிவரப் படகோடு போயிருந்தான்.

தாளை வாங்கிப் பார்த்தாள். பொறியாளர் கையெழுத்து. தீவு காலியாகக் கிடந்த முதல் வாரத்தில் வந்து, வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் பார்த்துவிட்டுப் போனவர். 'எண் 14. தென்கிழக்குத் தூண் உடைந்துள்ளது. குடியிருக்க ஆகாது. உடனே அகற்றுக.'

"இவரைப் போன்ல பிடிக்க முடியாதா?"

"டவரே இன்னும் நிமிரலையேம்மா. ஆளும் அடுத்த தீவுக்குப் போயிட்டார். வரைபடமும் அவர்கிட்டதான். என்கிட்ட இருக்கிறது நம்பர் மட்டும்தான்."

அந்த எண்ணை எழுதியதும் அவள்தான். பெயர்ப்பலகைகள் எல்லாம் காற்றோடு போய்விட்டன. வீடுகளோ தூண்கள்மேல் ஒரே அச்சில் வார்த்தவை, எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை, ஒரே நீலம். எண்ணும் வரிசையில் இருக்காது. கட்டி முடித்த வரிசையில் எண் போட்டிருந்தார்கள். மூன்றுக்குப் பக்கத்தில் பதினேழு, அதற்குப் பின்னால் எட்டு. முன்பெல்லாம் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் சிப்பி பதித்த பாதையையும் பார்த்தே கால் தானாகப் போய் நிற்கும். இப்போது மரமில்லை, கம்பமில்லை, பாதை மணலுக்கடியில். நடுவில் கடல் புதிதாக ஒரு வாய்க்கால் வேறு வெட்டியிருந்தது. எண்ணை நீதான் எழுத வேண்டும், உன்னைவிட்டால் யாருக்குத் தெரியும் என்று சங்கத்தார் வண்ண டப்பாவை நீட்டியபோது, அவள் ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கதவாகச் சாவியைப் போட்டுப் பார்த்தாள். எந்தச் சாவி திறக்கிறதோ அந்த எண். பதினெட்டுக் கதவும் திறந்தன. மீந்த நான்கு சாவி, போன நான்கு வீடுகளுடையது. கணக்கு இம்மியும் பிசகவில்லை. அன்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படியானால் இது பதினான்குதான். உடைந்த தூணின்மேல்தான் பிள்ளைத்தாய்ச்சியைப் பன்னிரண்டு நாளாகப் படுக்கவைத்திருக்கிறாள்.

"எழுந்திரிங்க அண்ணி. வெளியே வாங்க."

"எங்கடி போறது?"

"முதல்ல வெளியே வாங்க."

ஒரு நாற்காலியை மணலில் போட்டு அண்ணியை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினாள். தச்சர் திருப்புளியோடு வந்து கதவின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தார். இடிக்கிற வீட்டுக் கதவை வீணாக்குவானேன் என்று ஓட்டுநர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"நல்ல கதவு. இதை நான் மாட்டி முழுசா ஒரு மாசம் ஆகலை" என்றார் தச்சர்.

"நீங்க மாட்டினதாண்ணே? கதவு பிடுங்கிட்டா கிடந்துச்சு?"

"எந்த வீட்டுக் கதவு பிடுங்காம நின்னுச்சு? மொத்தக் கதவும் துறைகிட்ட குவியலாக் கிடந்துச்சு. நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடியே மாட்டி முடிக்கணும்னு ஒரே அவசரம். எடுத்தோம், மாட்டினோம். எல்லாம் ஒரே அளவு, அது ஒரு புண்ணியம்."

"எந்தக் கதவு எந்த வீட்டுக்குன்னு பாத்து மாட்டினீங்களா?"

தச்சர் திருப்புளியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "கதவு மேல பேரா எழுதியிருக்கு?"

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாவி கதவைத் திறந்தது உண்மை. கதவுதான் வீட்டுக்கு உண்மையாக இல்லை. பதினெட்டு எண்ணும் தப்பாக இருக்கலாம். பாதி சரியாகவும் இருக்கலாம். போனதாகச் சொன்ன நான்கு வீடும் நின்றுகொண்டிருக்கலாம். அந்த நான்கு உரிமையாளர்களுக்கும் சங்கத்திலிருந்து ஆறுதல் கடிதம்கூடப் போய்விட்டது.

ஓட்டுநரிடம் ஓடினாள். "அண்ணே, இது பதினாலு இல்ல. இல்லாமலும் இருக்கலாம்."

"ஏம்மா, இருக்கா இல்லையா?"

"நான்தான் தப்பா எழுதிட்டேன். எழுதியிருப்பேன்."

"நீ எழுதினதைத்தான் நீயே இல்லைங்கிற. நாளைக்கு மறுபடி ஆமான்னா? நான் இடிச்ச வீட்டை ஒட்டியா குடுக்க முடியும்?"

"அதைத்தானே நானும் சொல்றேன்! கொஞ்சம் பொறுங்க."

"தோண்டித் தூணைப் பாத்துடலாமே" என்றார் தச்சர்.

"பதினெட்டு வீட்டையும் தோண்ட என்கிட்ட டீசல் இல்ல. தரை மட்டத்துக்கு மணல் மூடிக் கிடக்கு. இன்ஜினியர் தோண்டிப் பார்த்த குழியையும் காத்து நிரப்பிடுச்சு. இன்ன வீடுன்னு ஒண்ணைக் காட்டு, தோண்டறேன். படகு வர இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு."

அவள் வெறும் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். பதினான்கில் மஞ்சள் நாற்காலி இரண்டு இருக்கும். இங்கே ஒன்று இருக்கிறது. ஆனால் நாற்காலி மிதக்கும். பதினான்கின் கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு. கண்ணாடியே இல்லை. கட்டில், அலமாரி, கூரைத் தகடு எல்லாமே ஊர் சுற்றிவிட்டு வந்தவை. ஊர் சுற்ற முடியாதது எது? தரை. தரையை அவள் ஆறு வருஷம் துடைத்திருக்கிறாள். தலை நிமிராமல் துடைத்ததில் எல்லா வீட்டுத் தரையும் ஒன்றாகத்தான் நினைவுக்கு வந்தது. ஒன்றைத் தவிர.

பதினான்கின் குளியலறை! கொத்தனார் வாட்டத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அங்கே ஊற்றும் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவைப் பார்த்து ஓடிவரும். ஆறு வருஷமும் அந்தக் கொத்தனாரைத் திட்டிக்கொண்டே அதை வைப்பரால் திருப்பித் தள்ளியிருக்கிறாள். இப்போது குழாயில் தண்ணீர் வராததால் எல்லோரும் குளிப்பது வெளியே. குளியலறைகளில் மூட்டை முடிச்சுதான் கிடக்கிறது. அதனால்தான் பன்னிரண்டு நாளாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வாளியைத் தூக்கினாள்.

"குடிக்கிற தண்ணிடி அது!" என்று அண்ணி நாற்காலியிலிருந்து கத்தினாள்.

கடலுக்கு ஓடி மொண்டு வந்தாள். "பதினாலுல தண்ணி கதவுப் பக்கம் ஓடும்" என்று தச்சரிடம் சொல்லிக்கொண்டே மூட்டைகளை ஒதுக்கிவிட்டுக் குளியலறை நடுவில் ஊற்றினாள். தண்ணீர் ஒரு கணம் பரவி நின்றது. பிறகு வடிகால் பக்கம் மெல்ல நகர்ந்து, சல்லடை மூடிக்குள் களகளவென்று இறங்கியது.

தச்சர் எட்டிப் பார்த்து, "அப்போ இது பதினாலு இல்ல. கதவைத் திருப்பி மாட்டவா?" என்றார்.

அண்ணி சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது; பாதியிலேயே நின்றது. இது பதினான்கு இல்லையென்றால் பதினான்கு எங்கே? அதில் யார் படுத்துத் தூங்குகிறார்கள்?

"நீங்க உள்ள போய்ப் படுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வாளியோடு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

அடுத்த வீட்டிலும் வடிகாலுக்குத்தான் போயிற்று. அதற்கடுத்ததிலும். மூன்றாவதில் தண்ணீர் எங்கும் போகாமல் குட்டையாக நின்றது. குச்சியால் குத்தியபோதுதான் வடிகாலில் மணல் அடைத்திருப்பது தெரிந்தது. வீடு சாய்ந்திருந்தால் வாட்டமும் மாறியிருக்குமே என்ற எண்ணம் வந்து, முதல் வீட்டின் முடிவும் சந்தேகமாயிற்று. நிற்க நேரமில்லை.

நான்காவது வீட்டைத் தாண்டும்போது சமையல்காரர் சேர்ந்துகொண்டார். துறையடி உணவகத்தில் சமைப்பவர். உணவகம் கடலுக்குள் போனபிறகு தீவு முழுவதுக்கும் ஒரே உலையில் சமைத்துப் போடுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் அவளிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்.

"புயல் கழுவினது பத்தலைன்னு நீ வேற வீடு வீடாக் கழுவுறியா? விடுமுறைக்கு ஆளே வரலை, உனக்குக் கை அரிக்குது."

"விளையாடாதீங்கண்ணே. உங்க வீட்டையும் பாக்கணும்."

"தாராளமா. எங்க வீட்டுத் தண்ணிக்கு வழி தெரியும். என் மனைவி வளர்த்த தண்ணி."

அவர் வீட்டுச் சுவரில் ஆறு என்று எழுதியிருந்தது, அவள் கையெழுத்தில். குளியலறையில் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. சமையல்காரரே அவற்றை நகர்த்தி, பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி ஒரு கையை முதுகில் கட்டிக்கொண்டு வாளியைச் சாய்த்தார். தண்ணீர் நடுவில் தயங்கியது. வடிகால் பக்கம் ஒரு விரல் நகர்ந்தது. நின்றது. அப்புறம் திரும்பி, கதவைப் பார்த்து ஓடிவந்து அவர் பாதத்தை நனைத்தது.

"பாத்தியா, வீட்டுக்காரன் காலைத் தொட்டுக் கும்பிடுது!" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூட்டத்துக்கு நடுவில் தொலைந்தவர்களைத் தேடுவதுபோல, கையெட்டும் தூரத்தில் இருந்தவர்களை அவ்வளவு உரக்கக் கூப்பிட்டார்.

பொக்லைன் வந்தது. தென்கிழக்கு மூலையில் ஓட்டுநர் மணலை வாரினார். முதல் வாரலில் மணல். இரண்டாவதில் மணலும் ஒரு செருப்பும். நான்காவதில் தூண் தெரிந்தது. இடுப்பளவில் அது பிளந்து, இரும்புக் கம்பி வெளியே வளைந்திருந்தது. அதற்கு மேலே சிவப்பு வண்ணத்தில் பொறியாளர் போட்ட பெருக்கல் குறி.

ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார். எல்லோரும் அந்தக் குழியையே பார்த்தார்கள். சின்னப் பெண் தூங்கியது இந்த மூலையில்தான் என்று சமையல்காரரின் மனைவி யாரிடமென்றில்லாமல் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று சாவி வாயைத் திறந்தாள். எதற்கு முதலில் கேட்பது என்று தெரியவில்லை. எண் எழுதியதற்கா, சாவி கொடுத்ததற்கா, காலையில் தன் வீடு தப்பியபோது சிரித்ததற்கா? அதற்குள் சமையல்காரர் தன் இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள்முன் நீட்டினார்.

"இது எந்த வீட்டுச் சாவி?"

"அது அந்தக் கதவோட சாவிண்ணே. வீட்டோடது இல்ல."

"சரி. இப்ப நாங்க எங்க போறது?"

"எங்ககூட வந்துடுங்க. ரெண்டு அறை இருக்கு."

"அது எந்த நம்பர்?"

"தெரியாதுண்ணே."

"நம்பர் தெரியாத வீட்டுக்கா கூப்பிடுறே?" அவர் குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பொறியாளர் ஒரு வீட்டைத்தான் எழுதியிருக்கிறார், ஆகவே மற்றவை நல்லவை என்று சொல்லலாம். ஆனால் அவர் பார்த்துப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் கடல் இரண்டு தடவை வாய்க்காலை அகலப்படுத்தியிருந்தது. காலையிலிருந்து அவள் சரியென்று நம்பியதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போயிருந்தது. இன்னொன்றை நம்பச் சொல்லி அந்தப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக அவளால் முடியவில்லை.

ஓட்டுநரிடம் திரும்பினாள். "இதை இடிக்கிறதுக்கு முன்னாடி எங்க வீட்டு மூலையையும் தோண்டிப் பாக்கலாமாண்ணே? நாலு மூலையும்."

"டீசல் கொஞ்சந்தாம்மா இருக்கு."

"இதை நாளைக்குக்கூட இடிக்கலாம். இனிமே உள்ள யாரும் இல்ல."

ஓட்டுநர் கடலைப் பார்த்தார். படகு இன்னும் கண்ணில் படவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இயந்திரத்தைத் திருப்பினார். அவள் முன்னால் நடந்தாள். பின்னால் பொக்லைன், அதற்குப் பின்னால் பாத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு சமையல்காரர் குடும்பம்.

இரைச்சல் கேட்டு அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தச்சர் அப்போதுதான் கதவை மாட்டி முடித்திருந்தார்.

"என்னடி இது? மறுபடியும் இங்கேயே வருது?"

"வெளியே வாங்க அண்ணி."

"இப்பத்தானே உள்ள போய்ப் படுன்னே!"

"ஆமா. இப்ப வெளியே வாங்க. கொஞ்ச நேரந்தான்" என்று சொல்லி அண்ணியின் கையைப் பிடித்து மணலில் இறக்கினாள். கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று அண்ணி கேட்டாள். அவள் நாற்காலியைப் பொக்லைனுக்கு எட்டாத தூரத்தில் நகர்த்திப் போட்டாள்.