மாமியாரின் கடைசிப் புகார்

அந்தப் பெரிய மென்பொருள் கம்பெனி லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளத்தோடு ராசியாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்பதாலேயே ஒரு காலத்தில் லினக்ஸ் என்ற பெயரைக் கேட்டால் முகம் சுளித்தவர்கள், இப்போது மேடையில் அதன் சின்னமான பெங்குவின் பொம்மையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இனிமேல் அவர்களுடைய கோப்புகள் லினக்ஸிலும் திறக்குமாம். அதற்கான மென்பொருளை அவர்களே தருகிறார்களாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷமும் அந்தக் கோப்புகளை லினக்ஸில் திறந்து காட்டியது என்னுடைய மென்பொருள். ஆபீஸ் முடிந்து வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு பைசா வாங்காமல் எழுதியது. "நீங்களே செய்து கொடுங்களேன்" என்று கம்பெனிக்கு எத்தனை மெயில் போட்டிருப்பேன்! எல்லாம் கிணற்றில் போட்ட கல்.

அண்ணன் போன் செய்தான்.

"இதைத்தானே நீ கேட்டுக்கிட்டே இருந்த? அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

"போன்ல என் மூஞ்சி உனக்குத் தெரியுதா?"

"குரல்லயே தெரியுதே. விடும்மா, இனிமே நிம்மதியாத் தூங்கு."

நிம்மதி வந்துதான் சேர்ந்தது. 'எழுத்து உடையுது', 'அட்டவணை கோணலா வருது' என்று என்னுடைய புகார்ப் பக்கத்தில் எழுதி எழுதி உயிரை வாங்கியவர்கள், ஒவ்வொருவராகக் கம்பெனி பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் என்னோடு பேச அவர்களை விட்டால் நாதியில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மாமியார் மட்டும் மிச்சம். ஆண்தான், முகம் பார்த்ததில்லை. எதை எடுத்தாலும் குறை சொல்வதால் நான் வைத்த பெயர். ஒரு புகாரைச் சரிசெய்து மூடாமல் விட்டால் மறுநாளே வந்து, "என்ன மேடம், இன்னும் மூடலையா? தூங்கிட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். இவர் எங்கே கம்பெனியை நம்பப்போகிறார் என்று தைரியமாக இருந்தேன்.

இன்று மாலை அவரிடமிருந்து ஒரு புகார்.

"மேடம், கம்பெனிக்காரங்களோடதைப் போட்டுப் பாத்தேன். எல்லாம் சரியாத் திறக்குது. குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. அதைச் சொல்லலாம்னு வந்தேன்."

திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன பதில் எழுதுவது? யாராவது குறை சொன்னால்தான் எனக்குப் பேச வரும். எல்லோரிடமும் முதலில் கேட்பதையே பழக்கதோஷத்தில் தட்டி அனுப்பிவிட்டேன்: "எந்த வெர்ஷன்?"

அனுப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அவர் உடனே பதில் போட்டார். வெர்ஷன் எண், கணினியின் மாடல், எந்தெந்தக் கோப்பைத் திறந்து பார்த்தார் என்பது வரை, ஒன்று விடாமல். கடைசியில், "வேற ஏதாவது விவரம் வேணுமா மேடம்?"

இதில் சரிசெய்ய ஒன்றுமில்லை. முறைப்படி மூடிவிட வேண்டியதுதான். மூடிவிட்டால் அப்புறம் அவர் இங்கே வர ஒரு காரணமும் இருக்காது.

மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். நாளைக்கு வந்து, ஏன் இன்னும் மூடவில்லை என்று சண்டை போடுவார். போடட்டும்.