வண்டி ஜெபமா, வீட்டு ஜெபமா

ரிடயர் ஆன கையோடு கிருபைராஜுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அமெரிக்காவில் அவர் இருந்த பிளெய்ன்ஸ்பரோ ஊர்த் தமிழ்ச் சபையில் பேசிக்கொண்டார்கள். மருந்துக் கம்பெனியில் காலமெல்லாம் டேட்டாபேஸ் மேய்த்த மனுஷன், ஒரு ஜனவரி காலையில் பனி வாரும் ஷவலைக் கராஜ் மூலையில் வீசிவிட்டு, இனி என் ஜென்மத்தில் ஸ்னோ கிடையாது என்று அறிவித்தார். வீட்டை விற்க வேண்டியது, அடுப்பு, கட்டில், பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு ட்ரெய்லர் வாங்க வேண்டியது, அதை ட்ரக்கில் மாட்டி இழுத்துக்கொண்டு மகள் ரெனிஷா இருக்கும் டெக்சஸுக்குப் போய் வெயிலில் காலை நீட்டி உட்கார வேண்டியது. எங்கே உட்காருவது என்பது மட்டும் திட்டத்தில் இல்லை. அதற்குப் பெயர்தான் சுதந்திரம் என்றார்.

யூடியூபில் ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் எல்லோரும் தாடி வைத்திருந்ததால் அவரும் தாடி விட்டார். அது திட்டுத் திட்டாக வளர்ந்தது.

அவர் மனைவி அமலி நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் சண்டை போடவில்லை. வீடு விற்கிற பத்திரத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள், கிரைண்டரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஜெபம் பண்ணாத வீட்ல நான் ஒரு நாளும் படுத்ததில்ல. பாஸ்டரக் கூப்பிட்டு முறையா பிரதிஷ்டை பண்ணுங்க. நான் வர்றேன்."

"இது வண்டி அமலி. வண்டிக்கு எதுக்கு பிரதிஷ்டை? வண்டி ஜெபம் போதும்."

வண்டி ஜெபம் என்றால் பாஸ்டர் பானெட்டில் கை வைத்து ரெண்டு நிமிஷம் ஜெபிப்பார், ஒரு டீ, முடிந்தது. வீட்டுப் பிரதிஷ்டை என்றால் சபையே வரும், அறை அறையாக ஜெபம் நடக்கும், பிரியாணி போட வேண்டும். கிருபைராஜ் பிரியாணிக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. அதை வண்டி என்றால் அவர் சாகசக்காரர். வீடு என்று ஒப்புக்கொண்டால், நாலு பெட்ரூமில் இருந்த பெண்டாட்டியை ஒரு தகரப் பெட்டிக்குக் கூட்டிப்போகிறவர். அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும்.

மகிழன் பாஸ்டர் போன் பண்ணினார். "அங்கிள், ஒண்ணு மட்டும் கிளியர் பண்ணுங்க. வண்டி ஜெபமா, வீட்டு ஜெபமா? அதுக்கேத்த மாதிரி நான் ப்ரிப்பேர் பண்ணணும்."

"வண்டிதான் பாஸ்டர்."

அமலி போனை வாங்கினாள். "வீடு பாஸ்டர்."

எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவர் பாஸ்டர். "ஆன்ட்டி சொல்றபடியே பண்ணிடலாம்," என்றார்.

சனிக்கிழமை சபை திரண்டு வந்தது. ட்ரக்கிலிருந்து கழற்றிய ட்ரெய்லர் டிரைவ்வேயில் நின்றது. அதன் மூலைகளில் இரும்புக் கால்கள் உண்டு. ஆட்கள் உள்ளே தங்கும்போது அவற்றைத் தரையில் இறக்கி ஊன்ற வேண்டும் என்று விற்றவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கிருபைராஜ் இறக்கவில்லை. குடியிருந்தால்தானே கால் என்று ஒரு வீம்பு.

பாஸ்டர் அடுப்பு முன்னால் நின்று சமையலறைக்கு ஜெபித்தார். அங்கிருந்து நகராமலே ஹாலுக்கும் ஜெபித்தார். பாத்ரூமில் அவர் ஒருவருக்குத்தான் இடம் இருந்ததால் வெளியே நின்றவர்கள் கதவைப் பார்த்து ஆமென் சொன்னார்கள். கடைசியாகப் பின்கோடியில் இருந்த படுக்கையறை. படுக்கையறை ஜெபத்துக்கு வெளியே நிற்பது மரியாதை இல்லை என்று ஆண், பெண், குழந்தை அத்தனை பேரும் பின்பக்கம் போய் நெருக்கியடித்து நின்றார்கள்.

ட்ரெய்லரின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது.

கூட்டம் மொத்தமும் கட்டிலில் சரிந்தது. மேசையிலிருந்த பிரியாணி ட்ரே வழுக்கிக்கொண்டு வந்து அமலியின் மேல் கவிழ்ந்தது. பாஸ்டர் ஜெபத்தை நிறுத்தவில்லை, குரலை மட்டும் உயர்த்தினார். வாசலில் நின்ற கிருபைராஜ் ஓடிப்போய் ட்ரெய்லரின் மூக்கைப் பிடித்துத் தொங்கினார். அவர் கனத்துக்கெல்லாம் அது மசியவில்லை. ஒவ்வொருவராக இறங்கிய பிறகுதான் கீழே வந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கடைசியாக அமலி இறங்கினாள். "காலை இறக்கலையா?"

"வண்டிதானேன்னு..."

அவள் தலையிலிருந்து சோற்றை எடுத்துப் போட்டாள். "சரி. வண்டின்னா நீங்க ஓட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் டாலஸுக்கு ஃப்ளைட் புக் பண்ணினாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

தனியாக ஓட்டினார். ரிவர்ஸ் எடுக்க வராததால் ராத்திரி தங்கும் இடமெல்லாம் யாராவது ஒரு தாடிக்காரர் சாவியை வாங்கி நிறுத்திக் கொடுத்தார். டென்னசியில் உப்புமா கிண்டிப் பார்த்தார், அது கட்டியானது. அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. அமலி இல்லாமல் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. சுதந்திரம் என்றால் பக்கத்து சீட் காலியாக இருக்கும் என்று எந்த யூடியூப்காரனும் சொன்னதில்லை.

டாலஸ் பக்கத்தில் மகள் இருக்கும் ரிச்சர்ட்சன் ஊரை நெருங்கியபோது ரெனிஷா போனில், "டாட், எங்க காலனி அசோசியேஷன், அந்த ஹெச்.ஓ.ஏ., ட்ரெய்லர் அலவ் பண்ணாது," என்றாள். ஊருக்கு வெளியே ஒரு ஸ்டோரேஜ் லாட்டில் அதை விட்டுவிட்டு, அவள் அனுப்பிய விலாசத்துக்குப் போனார். அது ரெனிஷாவின் வீடு இல்லை. ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாம் மாடி. லீஸ் அமலியின் பெயரில் இருந்தது. முந்தின நாள்தான் பிரதிஷ்டை நடந்திருந்தது. ரிச்சர்ட்சன் சபைக்காரர்கள் கொண்டுவந்த மடக்கு நாற்காலிகள் இன்னும் வராந்தாவில் சாய்ந்திருந்தன.

கதவைத் திறந்தவள் அமலிதான். "வாங்க, வாங்க. டிராஃபிக் எப்படி?" என்றாள். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க, வீட்டச் சுத்திக் காட்டுறேன்."

அவர் பின்னாலேயே நடந்தார். சமையலறை, புதுக் கிரைண்டர், வெயில் விழும் பால்கனி. "இது என் ரூம்," என்றாள். "அந்தப் பக்கம் இருக்கறது கெஸ்ட் ரூம்."

அமெரிக்காவில் அவர் சுற்றிப் பார்க்காத தமிழ் வீடு இல்லை. முடிவில் விருந்தாளி என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். "ரொம்ப நல்லாருக்கு," என்றார்.

"தேங்க்ஸ்," என்றாள் அமலி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்குத் தேங்க்ஸ் சொன்னதே கிடையாது.